கீழே எண்ணும் கடிகாரம்

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று தெருவுக்கும் ஒரு முட்டுச்சந்துக்கும் சக்கரவர்த்தியும், செத்துப்போன ரேடியோக்களை எழுப்பி உட்காரவைக்கும் வைத்திய சிகாமணியும், உன் அம்மாவுக்கு ஒரே தம்பியுமான உன் மாமன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தையும், உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரியின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். ஐயா, உட்கார்ந்தே படியுங்கள். கடிதம் நீளம்.

அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது. இரண்டு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. முதல் மருந்தைக் கண்ணில் விட்டதும் மூடி ஐந்து நிமிடம் இருக்க வேண்டும், பிறகுதான் இரண்டாவது. வேளை தப்பித் தப்பிப் போனால் பார்வை போகும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை, அவர் சொன்னது அவ்வளவுதான்.

அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். அடித்ததும் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி அணைத்துவிடுகிறாள். அப்புறம் விட்டது முதல் மருந்தா, இரண்டாவதா, விட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. நானோ கடையில் மிக்ஸிகளுக்கு நடுவில் இருக்கிறேன்.

இரண்டாவது மருந்தும் கண்ணில் விழும்வரை விடாமல் பிடுங்கும் கடிகாரம் ஒன்று வேண்டும். கடைகளில் அப்படி ஒன்றும் இல்லை. நீ சிப்புக்குள் லாஜிக் வரைந்து சம்பளம் வாங்கியவன். பென்சிலும் தாளும் தருகிறார்கள்தானே? வரைந்து அனுப்பு. ஈயம் உருக்கிச் சால்டர் வைக்க நான் இருக்கிறேன்.

அக்கா உன்னை மணிக்கு நூறு தரம் கேட்கிறாள். உன் பேரைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்து, டாக்டரே கண்ணை விட்டுவிட்டு நாக்கைத்தான் முதலில் பார்த்தார்.

என்றும் உன் நலம் நாடி, முடிசூடிய
மாமா


ஜனவரி 27

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலம். இருமல் நின்றுவிட்டது. உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதைக் குறையுங்கள்.

பென்சில் தருகிறார்கள். அளவுகோல் தர மாட்டார்கள். அதனால் கோடுகள் கோணலாக இருக்கும், மன்னியுங்கள்.

முதல் தாளில் இருப்பது நொடி. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் சின்னப் படிகம் நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் தரம் துடிக்கும். அதைப் பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து தரம் பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். இரண்டாம் தாளில் எண்ணிகள். பத்து வரை எண்ணும் ஒன்று, ஆறு வரை எண்ணும் ஒன்று. நொடிக்கு ஒரு ஜோடி, நிமிடத்துக்கு ஒரு ஜோடி. ஒன்று நிரம்பினால் அடுத்ததைத் தட்டும். மூன்றாம் தாளில் மணி. இருபத்து நான்கைத் தொட்டதும் பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு லாஜிக் கேட் போட்டிருக்கிறேன், அதை மட்டும் கவனமாகப் பாருங்கள். மின்சாரம் போனால் எண்கள் அணையலாம், எண்ணுவது நிற்கக் கூடாது. பாட்டரியை மறக்காதீர்கள்.

ஐந்து நிமிட டைமரின் படத்தை அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன். எண்கள் பெரிதாக, சிவப்பாக இருக்கட்டும்.

இரவு வேலை முடித்துத் தூங்காமல் வண்டி எடுத்து, சைக்கிளில் வந்த மனிதரைக் கொன்றவன் நான். என் கணக்கை நம்பி அம்மாவின் கண்ணை ஒப்படைக்கிறீர்கள். அதனால் இரண்டு தரம் சரிபார்த்தேன்.

அம்மா நிஜமாக என்ன சொன்னார்கள்?

அன்புடன்,
அக்கா மகன்


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு மாமனின் ஆசீர்வாதமும், அதிகாரி ஐயாவுக்கு என் கும்பிடும் உரித்தாகுக.

என் மூட்டு இப்போது மான்குட்டி போலத் துள்ளுகிறது. நேற்று மாடிப்படியை ஒரே தாவில் ஏறிக் கூரையில் தலை இடித்து, கூரைக்குத்தான் காயம்.

கடிகாரம் ஓடுகிறது! உன் கோணல் கோடுகளைக் கண்டு சிப்புகளைச் செருகும் என் புள்ளிப் பலகையே கண்ணீர் விட்டது. எல்லாச் சிப்பும் என் கடைப் பெட்டியில் கிடந்த பழைய ரகம். ஈயம் வைத்துப் பாட்டரி மாட்டினேன். நொடி நகர்ந்தது, நிமிடம் நகர்ந்தது. உலகத்தில் முதன்முதலாகக் காலத்தைக் கண்டுபிடித்தவன் நானே என்ற நினைப்போடு உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். நம் வீட்டில் நாலு மணி ஒழிக்கப்பட்டுவிட்டது. மூன்று ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு மணி பூச்சியம் என்கிறது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி பூச்சியம். இந்தக் கணக்கில் நான் ஒரு நாளில் ஆறு நாள் வாழ்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை எனக்குத் தொண்ணூறு வயது ஆகிறது. உடனே ஏதாவது செய்.

அக்கா என்ன சொன்னாள் என்றா கேட்கிறாய்? அவள் சொன்னதை எழுத இந்தத் தபால்துறையிடம் தாள் போதாது. "என் புள்ளை வரைஞ்ச கோடா இது"ன்னு தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எடுக்கவே மாட்டேன் என்கிறாள்.

தொண்ணூறை நோக்கி விரையும்
மாமா


மார்ச் 8

மாமாவுக்கு வணக்கம்.

நலம். இங்கே வெயில் கூடிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் முழுக்க மனதுக்குள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கான கேட்டுக்கு இரண்டு கம்பிகள் வர வேண்டும். ஒன்று பத்துகளின் எண்ணியிலிருந்து, "இரண்டு வந்துவிட்டது" என்று சொல்ல. மற்றது ஒன்றுகளின் எண்ணியிலிருந்து, "நான்கு வந்துவிட்டது" என்று சொல்ல. இரண்டும் ஆமாம் என்றால்தான் பூச்சியம். பத்துகளிலிருந்து வரும் கம்பி உங்கள் பலகையில் ஒட்டியிருக்காது. பலகையைத் திருப்பி அந்தச் சிப்பின் காலைப் பாருங்கள், ஈயம் பிடித்திருக்காது.

அந்தப் பழைய ரகச் சிப்புகளுக்கு ஒரு குணம் உண்டு மாமா. எந்தக் கம்பியும் வராமல் தொங்கும் காலை அவை "ஆமாம்" என்று எடுத்துக்கொள்ளும். பதிலே வராத இடத்தில் ஆமாம் என்று தானே போட்டுக்கொள்வது சிப்புக்கு வழக்கம். அதை நம்பிக் கடிகாரம் ஓட்ட முடியாது.

டைமர் இத்துடன் இருக்கிறது. வேளை வந்ததும் ஒலிக்கும். முதல் மருந்தை விட்டுப் பொத்தானை அழுத்தினால் ஐந்து நிமிடத்திலிருந்து கீழே எண்ணி, பூச்சியத்தில் மறுபடி ஒலிக்கும். இரண்டாவது மருந்துக்குப் பிறகு அழுத்தினால்தான் அடங்கும். நடுவில் எத்தனை தரம் தட்டினாலும் கேட்காது.

ஜூனில் என் முன்விடுதலையைப் பரிசீலிக்கிறார்களாம். நடத்தைக் குறிப்பில் இதுவரை ஒன்றும் தப்பாக இல்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
அக்கா மகன்


ஏப்ரல் 2

வெற்றி! வெற்றி! மாப்பிள்ளைக்கும் ஐயாவுக்கும் மாமனின் வெற்றி முழக்கம்!

கால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எத்தனையோ மைலுக்கு அப்பால், மதிலுக்குள் உட்கார்ந்து, என் பலகையின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டாயே! ஒரு துளி ஈயம் வைத்தேன், நாலு மணி உயிர்த்தெழுந்தது.

டைமரையும் மாட்டியாயிற்று. பஸ்ஸர் எதற்கு, கொசுவுக்கா என்று லாரி ஹாரன் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்திவிட்டேன். கீழே எண்ணிப் பூச்சியத்தைத் தொட்டது பார், வீடு கிடுகிடுத்துப் போயிற்று! தெருக்கோடி வரை ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை. எங்கள் பூனை எகிறிய எகிறலில் இன்னும் தரைக்கு வரவில்லை. அடுத்த தடவை உன்னைப் பார்க்க வரும்போது ஒன்று செய்து பைக்குள் வைத்துக் கொண்டுவருகிறேன். உங்கள் மதில் தாங்குமா என்று ஐயாவைக் கேட்டு வை. தாங்காவிட்டால் நல்லதுதான், நீ ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்!

அக்கா உன் விடுதலைக்கு இப்போதே வாசலைக் கழுவிக் கழுவித் தெருவில் வெள்ளம்.

அண்டம் நடுங்க,
மாமா


மே 1

மாப்பிள்ளைக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. சுகமில்லையா? பார்க்க வந்தேன். வாசலிலேயே "இப்ப அனுமதி இல்ல, போங்க"ன்னு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. பையைத் திறந்து ரொட்டியைக்கூடப் பிட்டுப் பார்த்தார்கள்.

கடிகாரம் ஓடுகிறது.

மாமா


மே 14

பெறுநர்: கைதியின் தாய்மாமன்

ஏப்ரல் 2 தேதியிட்ட உங்கள் கடிதமும் அதற்கு முன் கைதி அனுப்பிய வரைபடங்களின் நகல்களும் எங்களிடம் வைக்கப்பட்டுள்ளன. பூச்சியம் வரை எண்ணும் சாதனம் ஒன்று, அதன் விளைவு, அதை இங்கே கொண்டுவரும் எண்ணம், மதில் ஆகியவை கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ளன. விசாரணை முடியும்வரை கைதிக்குக் கடிதப் போக்குவரத்தும் பார்வையாளர் சந்திப்பும் கிடையாது. முன்விடுதலைப் பரிசீலனைப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கி வைக்கப்பட்டுள்ளது.

சாதனம் என்ன, யார் வரைந்தது, யாருக்காக என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். உண்மையை மட்டும் எழுதவும்.

கடிதப் பரிசோதனை அலுவலர்


மே 20

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் ரேடியோவும் மிக்ஸியும் பழுது பார்ப்பவன். கைதி என் அக்காவின் மகன்.

அந்தச் சாதனம் கடிகாரம். என் அக்காவுக்கு மூன்று வேளையும் கண்ணில் மருந்து விட வேண்டும். இரண்டு மருந்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அது கீழே எண்ணுகிறது. வரைந்தது அவன், செய்தது நான். செய்யச் சொன்னதும் நான்தான்.

அதில் லாரி ஹாரன் இல்லை. சின்ன பஸ்ஸர்தான். பக்கத்து அறை வரை கேட்கும், தெருவில் கேட்காது. கண்ணாடி எதுவும் உடையவில்லை. எங்களிடம் பூனை இல்லை. சிறைக்கு ஒன்றைக் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. மதிலைப் பற்றி எழுதியது விளையாட்டு. அவன் சிரிக்கட்டும் என்று எழுதினேன். அவன் சிரித்ததாக எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

உண்மையை மட்டும் எழுதச் சொன்னதால் மீதியையும் எழுதுகிறேன். அவனுடைய அம்மா அவனைப் பற்றி விசாரிப்பதாக நான் எழுதியது எதுவும் நடந்ததில்லை. அக்கா அவன் பெயரைச் சொல்வதில்லை. அவன் கடிதத்தை நான் பிரித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். வண்டியில் அடிபட்டு இறந்தவர் ஒரு தச்சர். அவருடைய வீட்டுக்கு வாரம் ஒரு முறை போகிறாள். அவர் மனைவியோடு உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிகாரம் மகன் வரைந்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தொட மாட்டாள் என்று பயந்தேன். என் வேலை என்றுதான் நினைத்திருக்கிறாள்.

தப்பு என்னுடையது. அவன் எழுதிய கடிதங்களில் ஒரு சொல்கூடக் கூடுதலாக இருக்காது, நீங்களே பார்த்திருப்பீர்கள். அவன் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாய்மாமன்


ஜூன் 6

பெறுநர்: கைதியின் தாயார்

மேற்படி சாதனத்தை நேரில் பரிசோதிக்க வேண்டியுள்ளது. அதைப் பயன்படுத்துபவர் தாங்களே என்று தெரிவிக்கப்பட்டுள்ளதால், வரும் 24ஆம் தேதி மதியம் சாதனத்துடனும் மருந்துகளுடனும் தாங்கள் மட்டும் வரவும். வரைந்த கைதியும் விளக்கம் தர அழைக்கப்படுவார்.

கடிதப் பரிசோதனை அலுவலர்


ஜூன் 29

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் எழுத அனுமதி திரும்பக் கிடைத்துவிட்டது. நான் நலம். அன்று நீங்கள் வெளியே மரத்தடியில் நின்றதாகக் காவலர் சொன்னார். உள்ளே நடந்ததை அம்மா சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அலுவலரின் மேசைமேல் பலகை இருந்தது. என்னை எதிர்ப் பக்கம் நிற்க வைத்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார்கள். இளைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதவில்லை.

"இது யார் வரைஞ்சது, தெரியுமாம்மா?" என்று அலுவலர் கேட்டார்.

"உங்க கடுதாசி வந்தப்புறம்தாங்க தெரியும். தெரிஞ்ச அன்னைக்கு எடுத்து அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன்."

"அப்புறம்?"

"உள்ள இருந்துகிட்டே அடிச்சுது. பொத்தானை அமுக்காம அடங்காதே. காதை மூடவும் முடியல, கேக்கவும் முடியல. மறுநாள் வெளிய எடுத்துட்டேன்."

அவர் என்னிடம் ஒவ்வொரு சிப்பாகக் கேட்டார். சொன்னேன். ஒரு கட்டத்தில், "அந்தத் தொங்கின கால் எது, காட்டு" என்றார். கடிதங்களை நன்றாகத்தான் படித்திருக்கிறார். காட்டிக்கொண்டிருக்கும்போதே வேளை வந்து பஸ்ஸர் ஒலித்தது. நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போய்விட்டார். கதவோரம் நின்ற காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் பழைய கடிதங்களாக இருந்தால் இதற்கே நாலு பக்கம் எழுதியிருப்பீர்கள்.

அம்மா மருந்தை எடுத்துத் தலையை அண்ணாந்தார்கள். சொட்டு தவறிக் கன்னத்தில் விழுந்தது. மறுபடி முயன்றார்கள், மறுபடியும் கன்னத்தில்தான். பஸ்ஸர் அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலர் என்னைப் பார்த்தார். "நீ போய் விடு" என்றார்.

கைதி பார்வையாளரைத் தொடக் கூடாது என்பது இங்கே விதி மாமா.

நான் விட்டேன். அம்மா தடுக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். எண்கள் ஐந்திலிருந்து இறங்கத் தொடங்கின. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். யாரும் என்னைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை.

கண்ணைத் திறக்காமலே, "ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டார்கள்.

"தூங்குறேம்மா."

"அன்னைக்குத் தூங்கியிருக்கலாம்."

நான் மருந்துப் புட்டியை மூடி மேசையில் வைத்தேன்.

எண்கள் இரண்டு நிமிடத்துக்கு இறங்கியபோது, "அந்தம்மா வீட்டுக்குப் போறேன். உன் பேச்சை நான் எடுக்கிறதில்ல, அவங்களும் கேக்குறதில்ல. அவர் செஞ்ச நாற்காலியிலதான் என்னை உக்காரச் சொல்றாங்க. அதுல உக்காந்துட்டு வந்து, உன் முகத்தையும் எப்படிடா பாக்குறது?" என்றார்கள்.

அப்போது பூச்சியம் வந்து அடித்தது. இரண்டாவது மருந்தையும் விட்டேன். பொத்தானை அழுத்தியதும் அடங்கியது. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். மருந்து விட்ட கண் மங்கும். நான் எவ்வளவு தெரிந்தேன் என்று தெரியவில்லை.

அலுவலர் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஜூன் கூட்டம் முடிந்துவிட்டது, அடுத்தது டிசம்பரில். அதிலும் என்ன முடிவாகும் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார். அதில் அம்மாவைப் பற்றி இருப்பது நான் முன்பே ஊகித்ததுதான் மாமா. நீங்கள் எழுதிப் படித்ததுதான் புதிது. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

அன்புடன்,
அக்கா மகன்


ஜூலை 12

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். மூட்டு வலிக்கிறது. இது அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுவது.

"மருந்து நேரத்துக்குப் போகுது. டாக்டர் பாத்துட்டு, அழுத்தம் இறங்கியிருக்குன்னு சொன்னார். கடியாரம் சரியா ஓடுது. டிசம்பர்ல என்ன ஆகுதோ ஆகட்டும், மாசத்துக்கு ஒருதரம் நான் வர்றேன். மனு நானே எழுதிக் குடுத்துட்டேன். உன்னைப் பாத்தேன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன். சொல்லாம அந்த நாற்காலியில இனிமே உக்கார முடியல. நான் கெளம்ப எழுந்தேன். அவங்க கதவு வரைக்கும் வந்து, அடுத்த வாரம் வருவீங்கல்லன்னு கேட்டாங்க. வருவேன்னு சொல்லிட்டு வந்தேன். தூங்கு."

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "நீ ஏதும் சேக்கலியே?" என்றாள். இல்லை என்றேன். தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மடித்து அவளே உறையில் போட்டாள்.

மாமா